வெண்மையின் விலை

மாலை விருந்துக்கு வெள்ளைச் சட்டை, அலுவலகத்திற்கு வெள்ளை அல்லது இளநீலம், ஓய்வு நாளுக்குக் கட்டமும் வண்ணமும் என்று மேனாட்டு ஆடவர் உடையில் நிலவும் தாரதம்மியம் கண்ணின் ரசனையிலிருந்து பிறந்தது எனப் பலர் கருதினாலும், அதன் சரித்திரத்தைச் சற்றே ஆராய்வோர்க்கு, அது பெரும்பாலும் சலவைச் செலவிலிருந்து பிறந்தது என்பது புலனாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சட்டை என்பது உள்ளுடையே. கோட்டும் வெயிஸ்ட்கோட்டும் அதனை மறைத்துவிட, கழுத்திலும் மணிக்கட்டிலும் மட்டும் எட்டிப் பார்த்த சிறு பகுதியே அணிந்தவனுடைய அந்தஸ்துக்குச் சாட்சி சொல்லிற்று. லினன் துணியைக் காரநீரில் வேகவைத்து, புளித்த மோரில் ஊறவைத்து, புல்வெளியில் விரித்து வெயில் காட்டி வெளுப்பதற்கு மாதக்கணக்கில் ஆகும்; அவ்வாறு வெளுத்ததை நிலக்கரிப் புகை சூழ்ந்த லண்டனில் நாள்தோறும் மாற்றி உடுப்பதற்கோ, பெட்டி நிறையச் சட்டைகளும் அவற்றைத் துவைக்க ஆட்களும் வேண்டும். பியூ பிரம்மல் (1778–1840) என்ற ஆடை ரசிகர், சரிகையையும் பூவேலையையும் ஒதுக்கிவிட்டு, மாசற்ற லினனையும் கஞ்சியிட்ட கழுத்துத் துணியையுமே கனவானின் லட்சணமாக ஆக்கியபோது, செல்வத்தின் செருக்கு மறையவில்லை. சரிகையிலிருந்து சலவைக்கு இடம் மாறியது, அவ்வளவே.

1774-ல் ஷீலே என்ற ரசாயன அறிஞர் கண்ட குளோரினைக் கொண்டு 1785-ல் பெர்த்தோலே என்ற மற்றொரு ரசாயன அறிஞர் துணி வெளுக்கும் முறையைக் காட்ட, 1799-ல் கிளாஸ்கோவின் சார்லஸ் டெனன்ட் வெளுப்புத் தூளுக்குக் காப்புரிமை பெற, துணியை வெளுப்பது மலிவாயிற்று. ஆயினும் வெளுத்ததை அழுக்கின்றிக் காப்பது மலிவாகவில்லை. அமெரிக்காவின் டிராய் நகரத்தில், 1827-ஆம் ஆண்டளவில், கணவனின் சட்டையில் காலரே முதலில் அழுக்காவதைக் கண்ட ஹன்னா மாண்டேகு என்னும் பெண்மணி அதனை மட்டும் கழற்றித் துவைக்கும் உபாயத்தைக் கண்டார் என்பர். அந்நகரம் பின்னர் காலர் தொழிலின் தலைநகராயிற்று. குறைந்த சம்பளம் பெறும் குமாஸ்தாவும், உடலில் பழைய சட்டையே இருந்தாலும், கழுத்தில் புது வெண்மையோடு அலுவலகம் புகுந்தான்.

கையால் உழைப்போர் அழுக்கை எளிதில் காட்டாத நீலத் துணியை உடுத்தினர். வண்ணக் கோடுகளும் அழுக்கை மறைக்கும் தந்திரமோ என்று ஐயுறப்பட்டமையால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கோடிட்ட சட்டை அணிந்தோரும் காலரையும் கைப்பட்டியையும் வெள்ளையாகவே வைத்துக்கொண்டனர். முதல் உலகப் போருக்குப் பின் மென்மையான காலர் பரவியபோது இளநீலம் அலுவலகத்தில் இடம்பெற்றது. நமது சென்னையின் பழைய பெயரையே தாங்கிய கட்டத் துணியோ, அமெரிக்காவில் கோடைகால உல்லாச உடையாகவே நின்றுவிட்டது.

சலவை இயந்திரம் வெண்மையை ஏழைக்கும் எளிதாக்கிய பின்னரும், ஐ.பி.எம். போன்ற பெருநிறுவனங்கள் கருநிறக் கோட்டுக்குள் வெள்ளைச் சட்டை என்ற வழக்கத்தை நெடுங்காலம் போற்றின. அந்நிறுவனம் அதனைத் தளர்த்தியது 1995-ல்தான். மேனாட்டு மாலை விருந்தின் உச்ச உடையிலோ, வெள்ளையன்றி வேறு நிறச் சட்டைக்கு இன்றும் இடமில்லை.