விளையாட்டுச் சாம்ராஜ்யங்கள் – 9: மேடையில் ஒலித்த விலை

2006 மே 8. லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய கல்வர் சிட்டி. சோனியின் சொந்தத் திரைப்பட ஸ்டூடியோ வளாகத்தில் உலகின் கேம் பத்திரிகையாளர்கள் அத்தனை பேரும் கூடியிருந்தார்கள். ஒரு வருடமாக அவர்கள் கேட்டுக்கொண்டிருந்த ஒரே கேள்விக்கு அன்று பதில் கிடைக்கப்போகிறது. பிளேஸ்டேஷன் 3 என்ன விலை?

சோனியின் அமெரிக்க கேம் பிரிவின் தலைவர் கஸுவோ ஹிராய் மேடையில் நின்றார். இரண்டு மாடல்கள். 20 ஜிபி ஹார்ட் டிஸ்க் கொண்டது 499 டாலர். 60 ஜிபி கொண்டது 599 டாலர். அன்றைய மதிப்பில் பெரிய மாடலின் விலை ஏறத்தாழ 27,000 ரூபாய்.

அந்த 599 என்ற எண் அன்றிரவே உலகைச் சுற்றி வந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் 360 ஆறு மாதங்களாகக் கடைகளில் இருந்தது. அதன் விலை 299 டாலர், ஹார்ட் டிஸ்க்கோடு வேண்டுமென்றால் 399. நிண்டெண்டோவின் வீ இன்னும் மலிவாக வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

இத்தொடரின் ஆறாம் அத்தியாயத்தை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 1995 மே மாதம், இதே லாஸ் ஏஞ்சலிஸ். சேகா தன் சாட்டர்ன் கன்சோலுக்கு 399 டாலர் என்று அறிவித்த அதே நாளில் சோனியின் ஸ்டீவ் ரேஸ் மேடையேறினார். 299 என்றார். இறங்கிப் போய்விட்டார். சேகாவின் வீழ்ச்சி அந்த நூறு டாலர் வித்தியாசத்தில்தான் தொடங்கியது. மலிவான விலையால் சிங்காசனம் ஏறிய நிறுவனம், பதினோரு ஆண்டுகள் கழித்து, போட்டியாளரை விட இருநூறு டாலர் கூடுதலாகக் கேட்டது.

விலை மட்டும் அல்ல, அந்த நிகழ்ச்சியே கைநழுவிப் போயிருந்தது. ‘கென்ஜி’ என்ற கேமைக் காட்டியபோது, ஜப்பானில் உண்மையில் நடந்த போர்களை அடிப்படையாகக் கொண்டது என்று விளக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு ராட்சத நண்டு வந்து நின்றது. இணையம் அந்த நண்டை இன்றுவரை விடவில்லை. முந்தைய ஆண்டு பெருமையாகக் காட்டிய பூமராங் வடிவக் கண்ட்ரோலரைக் காணோம். பதிலாகப் பழைய வடிவமே வந்தது, கையின் அசைவை உணரும் வசதியோடு. அசைவை உணரும் கண்ட்ரோலரை நிண்டெண்டோ 2005 செப்டம்பரிலேயே காட்டிவிட்டதால், காப்பியடித்தார்கள் என்ற பேச்சு உடனே கிளம்பியது.

அதோடு, கண்ட்ரோலரில் அதிர்வு வசதியும் இல்லை. அசைவு உணரியும் அதிர்வும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது என்பது சோனி சொன்ன காரணம். ஆனால் அதிர்வுத் தொழில்நுட்பத்துக்கான காப்புரிமை வழக்கில் இம்மெர்ஷன் என்ற நிறுவனத்துக்கு 8.2 கோடி டாலர் கொடுக்கச் சொல்லி 2004இல் ஒரு ஜூரி தீர்ப்பளித்திருந்ததும், சோனி அதை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்ததும் அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. யாரும் நம்பாத ஒரு காரணத்தைச் சொல்லியிருக்கவே வேண்டாம்.

சரி, ஏன் 599?

விடை அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் இருந்தது. அதற்குள் சோனி இரண்டு யுத்தங்களை வைத்து அடைத்திருந்தது. முதலாவது செல் என்ற சிப். சோனி, தோஷிபா, ஐபிஎம் மூன்றும் கூட்டுச் சேர்ந்து 2001 முதல் டெக்ஸாஸின் ஆஸ்டினில் உருவாக்கியது. கேம் கன்சோலில் தொடங்கி டிவி, சர்வர் என்று எல்லாவற்றுக்குள்ளும் ஒருநாள் செல் இருக்கும் என்பது பிளேஸ்டேஷனை உருவாக்கிய கென் குடராகியின் கனவு. எட்டுத் துணைச் செயலிகள் கொண்ட அந்தச் சிப்பைத் தயாரிப்பது அவ்வளவு கடினமாக இருந்ததால், ஏழு வேலை செய்தாலே போதும் என்று வைத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது யுத்தம் இன்னும் பெரியது. டிவிடிக்கு அடுத்து எந்த வட்டு? சோனி அணியின் ப்ளூ-ரேயா, தோஷிபா அணியின் ஹெச்டி டிவிடியா? தோற்றால் சோனிக்குப் பல ஆண்டு உழைப்பு வீண். பிளேஸ்டேஷன் 3 ஒவ்வொன்றிலும் ஒரு ப்ளூ-ரே டிரைவ் இருந்தால், லட்சக்கணக்கான வீடுகளுக்குள் ப்ளூ-ரே தானாக நுழைந்துவிடும். எதிரியிடம் அப்படியொரு ஆயுதம் கிடையாது. ஆனால் டிரைவின் விலை பயமுறுத்தியது. மேடையில் விலையைச் சொல்வதற்கு மூன்று மாதம் முன்பே, 2006 பிப்ரவரியில், ஒரு பெட்டியைத் தயாரிக்க ஆரம்பத்தில் 900 டாலர் ஆகலாம் என்று மெரில் லிஞ்ச் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள்.

கார் ரேஸ் ஓட்ட ஒரு கன்சோல் வாங்க வந்த கல்லூரி மாணவன், தனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வட்டு யுத்தத்தின் செலவையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருந்தது. சோனியின் அடிப்படைப் பிழை இதுதான் என்பது என் முடிவு. இருந்தும் இந்தப் பிழை மன்னிக்கக்கூடியதாக மாறியிருக்க முடியும். அந்த ஜூன் மாதம் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த சாம்சங்கின் ப்ளூ-ரே பிளேயர் விலை 1,000 டாலர். படம் மட்டும்தான் பார்க்கலாம். அதில் பாதி விலைக்கு ப்ளூ-ரேயும் கேமும் சேர்ந்து கிடைக்கிறது என்பது உண்மையிலேயே நல்ல பேரம். இதைப் பொறுமையாக, பணிவாக எடுத்துச் சொல்ல சோனியில் ஒருவர் கிடைத்திருந்தால் வரலாறு கொஞ்சம் மாறியிருக்கும்.

கிடைத்தவர் குடராகி.

அவர் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. 1991இல் சிகாகோ கண்காட்சியில் நிண்டெண்டோ சோனியைக் கைவிட்டபோது, துவண்டுபோகாமல் தலைவர் நோரியோ ஓகாவின் ஆதரவோடு பிளேஸ்டேஷனை உருவாக்கிய எஞ்சினியர் அவர். ஆனால் தான் உருவாக்கிய பொருளின் மேன்மை வாங்குகிறவருக்கும் தானாகத் தெரிந்துவிடும் என்று நம்பினார். 2005இலேயே, இன்னும் அதிக நேரம் வேலை பார்த்தாவது இதை வாங்க வேண்டும் என்று மக்கள் நினைக்கிற மாதிரி ஒரு பொருளாக இது இருக்கும் என்று பேசினார். விலை அறிவித்த பிறகு, இது ஒருவேளை ரொம்ப மலிவோ என்றார். ஆபீஸ் கேண்டீன் சாப்பாட்டு விலையையும் உயர்தர உணவக விலையையும் ஒப்பிடுவது அர்த்தமற்றது என்றார்.

ஐரோப்பியப் பிரிவின் டேவிட் ரீவ்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். கேமே இல்லாவிட்டாலும் முதல் 50 லட்சம் பேர் எப்படியும் வாங்குவார்கள் என்றார்.

மலிவு என்று குடராகி சொன்னதில் பொய்யில்லை. தயாரிப்புச் செலவை விடக் குறைவாகத்தான் சோனி விற்கப்போகிறது. ஒவ்வொரு பெட்டியிலும் கையிலிருந்து பணத்தைப் போட்டு விற்கும் நிறுவனம், உலகத்தின் கண்ணில் பேராசைக்கார நிறுவனமாகத் தெரிந்தது. விற்பவனின் கணக்கை வாங்குபவனிடம் நீட்டினார்கள். அதையும் அதட்டும் குரலில் நீட்டினார்கள்.

பேச்சால் வந்த வினை அது. அடுத்து வந்தது பொருளால் வந்த வினை.

பிளேஸ்டேஷன் 3 முதலில் 2006 வசந்த காலத்தில் வருவதாக இருந்தது. மார்ச்சில் அதை நவம்பருக்குத் தள்ளினார்கள், உலகமெங்கும் ஒரே சமயத்தில் வெளியீடு என்ற வாக்குறுதியோடு. செப்டம்பர் 6 அன்று அந்த வாக்குறுதியும் உடைந்தது. ப்ளூ-ரே வட்டைப் படிக்கும் நீல லேசர் டையோடுகளைப் போதுமான அளவில் தயாரிக்க முடியவில்லை. விரல்நுனி அளவுகூட இல்லாத ஒரு பாகம்! அதனால் ஐரோப்பாவுக்கு 2007 மார்ச்தான். வெளியீட்டு நாளில் ஜப்பானுக்கு ஒரு லட்சம், அமெரிக்காவுக்கு நான்கு லட்சம். ஆண்டு இறுதி இலக்கு 40 லட்சத்திலிருந்து 20 லட்சமாகச் சுருங்கியது.

அதற்கு முந்தைய ஆகஸ்டில்தான் சோனியின் லேப்டாப் பேட்டரிகள் தீப்பிடிக்கத் தொடங்கிய விவகாரம் வெடித்திருந்தது. டெல் மட்டும் 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. ஆப்பிளும் பின்தொடர்ந்தது. 2005இல் தலைமைப் பொறுப்பேற்று, 10,000 பேரை வேலையிலிருந்து குறைக்கும் திட்டத்தோடு சோனியை நிமிர்த்தப் பார்த்த ஹோவர்ட் ஸ்ட்ரிங்கருக்கு இரண்டு பக்கமும் நெருப்பு.

செப்டம்பர் இறுதியில் டோக்கியோ கேம் ஷோ. குடராகி பேச வந்தார். ஜப்பானில் 62,790 யென் என்று அறிவித்திருந்த சிறிய மாடலின் விலையை 49,980 யென்னாகக் குறைப்பதாகச் சொன்னார். இன்னும் ஒரு பெட்டிகூட விற்கவில்லை, அதற்குள் விலைக்குறைப்பு! ஜப்பானிய ரசிகர்கள் மகிழ்ந்தார்கள். முதலீட்டாளர்களோ, ஏற்கெனவே நஷ்டத்தில் விற்கப்போகிற பொருளில் இன்னும் எவ்வளவு போகும் என்று கேட்டார்கள். அக்டோபரில் பதில் வந்தது. அந்த நிதியாண்டுக்கான செயல்பாட்டு லாப மதிப்பீட்டை 13,000 கோடி யென்னிலிருந்து 5,000 கோடி யென்னாக சோனி வெட்டியது. பேட்டரிக்கு மட்டும் 5,100 கோடி. கேம் பிரிவின் எதிர்பார்ப்பு நஷ்டம் 10,000 கோடியிலிருந்து 20,000 கோடி யென்னாக இரட்டித்தது.

நவம்பர் 11, ஜப்பான். நவம்பர் 17, அமெரிக்கா. வந்த சரக்கெல்லாம் அன்றே தீர்ந்தது. கடை வாசல்களில் கூடாரம் போட்டுக் காத்திருந்தவர்களில் பலர் ஏலத்தில் மறுவிற்பனை செய்ய வந்தவர்கள். கனெக்டிகட்டின் புட்னம் நகரில், வரிசையில் நின்ற ஒருவர் கொள்ளையர்களால் சுடப்பட்டார். விளையாடச் செய்த ஒரு பொருளுக்காக ஒரு மனிதன் துப்பாக்கிக் குண்டு வாங்கியதை எழுதும்போது இன்றும் மனம் கனக்கிறது.

அதே வாரம் ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம் ஒரு பெட்டியைப் பிரித்துப் பார்த்துக் கணக்கை வெளியிட்டது. சிறிய மாடலின் தயாரிப்புச் செலவு 805.85 டாலர். பெரியது 840.35 டாலர். கடை விலையோடு ஒப்பிட்டால், சிறியதில் 306.85 டாலரும் பெரியதில் 241.35 டாலரும் கையை விட்டுப் போகின்றன. விற்க விற்க நஷ்டம் ஏறும்.

அமெரிக்க வெளியீட்டுக்கு இரண்டு நாள் கழித்து, 249.99 டாலருக்கு, வீ வந்தது. தாத்தா பாட்டிகள்கூட அதைக் கையில் எடுத்து வீசி ஆடினார்கள்.

நவம்பர் 30. டோக்கியோவிலிருந்து ஓர் அறிவிப்பு. பிளேஸ்டேஷனின் தந்தை என்று உலகம் அழைத்த கென் குடராகி, தான் கட்டிய கேம் நிறுவனத்தின் பிரெசிடென்ட் பதவியிலிருந்து சேர்மன் பதவிக்கு மாற்றப்படுகிறார். அன்றாட நிர்வாகம் வேறொருவர் கைக்குப் போகிறது.

அந்த வேறொருவர் யார்? கணக்கை மூட இன்னும் நான்கு மாதங்களே இருக்க, 20,000 கோடி யென் என்ற மதிப்பீட்டையும் நஷ்டம் தாண்டப்போகிறது. அதற்குள், ஐரோப்பாவுக்குக் கப்பலேற வேண்டிய பெட்டிகளுக்குள்ளிருந்து ஒரு முக்கியமான சிப் காணாமல் போகும். பழைய பிளேஸ்டேஷன் 2 கேம்களை ஓட்டிக்கொண்டிருந்த சிப்!

(தொடரும்)