மேற்படிப்பு விண்ணப்பக் கட்டுரையில் நம் அடையாளத்தைச் சொல்லலாமா?

வீரபாண்டி அரசு கலை அறிவியல் கல்லூரியிலோ, உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரியிலோ பட்டம் முடித்து வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகள் ஓரிடத்தில் தயங்கி நிற்கிறார்கள். மதிப்பெண் பட்டியல் தயார். ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் தயார். கட்டுரையில் மட்டும், "நான் முஸ்லிம், ஹிஜாப் அணிபவள், எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி" என்று எழுதலாமா, எழுதினால் ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம்.

இங்கே இந்தக் கேள்வியே எழுவதில்லை. 2007 முதல் தமிழகத்தில் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லப்பைமார் அந்தப் பட்டியலில் உள்ளனர். தாலுகா அலுவலகச் சான்றிதழே நமக்காகப் பேசிவிடும். அங்கே அப்படியொரு சான்றிதழ் இல்லை. கட்டுரைதான் பேச வேண்டும்.

அமெரிக்காவில் 2023 ஜூன் 29 அன்று ஹார்வர்டு, வட கரோலினா பல்கலைக்கழகங்கள் மீதான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை அது தடுத்தது. ஆனால், தன் இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று மாணவர் எழுதுவதைப் பல்கலைக்கழகம் கருத்தில் கொள்ளத் தடையில்லை என்றும், அது அவருடைய மனவுறுதியையோ திறமையையோ காட்டுவதாக இருக்க வேண்டும் என்றும் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் அதே தீர்ப்பில் எழுதினார். வழக்கு இனத்தைப் பற்றியதுதான், மதத்தைப் பற்றியதல்ல. ஆனாலும் நமக்கும் இதில் பாடம் உண்டு: அடையாளத்தின் பெயரை மட்டும் சொன்னால் பயனில்லை, அதனால் என்ன செய்தோம் என்பதைச் சொல்ல வேண்டும்.

பல பல்கலைக்கழகங்கள் இரண்டு கட்டுரைகள் கேட்கின்றன. 'ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸ்' என்பது படிப்பையும் ஆராய்ச்சியையும் பற்றியது. அதில் குடும்பக் கதைக்கு ஓரிரு வரி போதும். 'பர்சனல் ஸ்டேட்மென்ட்' தான் வாழ்க்கைக்குரிய இடம்.

உதாரணமாக, தாவரவியல் படித்த ஒரு மாணவியின் தாய் தினமும் விடியற்காலை ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மருந்தடித்த நாட்களில் தாயின் கை எரிச்சலைப் பார்த்துத்தான் பூச்சிமருந்து பற்றி ஆராய நினைத்தாள் என்றால், அது கட்டாயம் எழுத வேண்டிய செய்தி. வறுமையை மட்டும் காட்டி இரக்கம் கேட்பது வேறு. மார்க்கமும் அப்படித்தான். மதரஸாவில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த அனுபவம் ஆசிரியர் பயிற்சிப் படிப்புக்குப் பொருந்தும், கணிப்பொறி ஆராய்ச்சிக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

மறைத்தால் பாதுகாப்பு என்பவர்களும் உண்டு. பெயர்தான் விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே இருக்கிறதே! ஆனால் வாப்பாவின் கடன், சகோதரியின் தலாக் போன்றவை நம்முடையவை அல்ல, அவை அமானிதம். அவர்களிடம் கேட்காமல் எழுதக் கூடாது. நடக்காத கொடுமையை நடந்ததாக எழுதுவது பொய். நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும்.

எழுதி முடித்ததும் அடையாளம் பற்றிய பத்தியை மட்டும் அடித்துவிட்டு, மீதியை ஆசிரியர் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்பது அவருக்குப் புரியவில்லையென்றால், அந்தப் பத்தியைத் திரும்பச் சேருங்கள்.