முள்வாயிலும் மறைகுறியும்

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்தில் கணினி பயிலும் மாணவர், வலைப்பின்னற் பாதுகாப்பின் அடிப்படைகளைக் கற்கப் புகும்போது முதலில் சந்திப்பவை சில கலைச்சொற்கள். தீச்சுவர், கடவுச்சொல், அடையாள உறுதி, மறைகுறியாக்கம் என அவை நீளும். இச்சொற்கள் பிறந்த இடம் மேலைநாட்டு ஆய்வுக்கூடம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவை குறிக்கும் சிக்கல் புதியதன்று. எவரை உள்ளே விடுவது, எவரைத் தடுப்பது, வந்தவர் இன்னாரென்று எவ்வாறு அறிவது என்ற வினாக்களோடு ஓர் அரசு முழுவதுமே இதே மலைகளில் வாழ்ந்து, இறுதியில் வீழ்ந்தும் போயிற்று. அவ்வரசின் கதையை இப்பாடத்தோடு சேர்த்துப் படிப்பதில் நன்மை உண்டென்று நாம் கருதுகிறோம்.

1660ஆம் ஆண்டு திருகோணமலைக்கு அண்மையில் சிறைப்பட்ட றொபேர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கில மாலுமி, கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்தான். 1681இல் இலண்டனில் வெளியான அவனது நூல், இரண்டாம் இராசசிங்கனின் காவல் முறையை விரிவாகக் கூறுகிறது. மலைநாட்டுக்குள் ஏறும் கணவாய்களில் முட்களால் பின்னிய வாயில்கள் அமைந்திருந்தன. அவற்றருகே காவலர் இருந்தனர். அனுமதியின்றி ஒருவரும் ஏறவோ இறங்கவோ இயலாது. கொழும்பிலிருந்து கண்டி செல்லும் வீதியிலுள்ள கடவத்தை என்ற ஊர்ப்பெயர் இன்றும் அத்தகைய காவற்கடவைகளை நினைவூட்டுகிறது.

அனுமதிச் சீட்டின் அமைப்புத்தான் இன்னும் சுவையானது. அது களிமண்ணில் பதித்த முத்திரை. படைவீரனுக்குத் தோளில் ஈட்டி ஏந்திய மனித உருவம். சுமையாளுக்குத் தண்டின் இருமுனையிலும் பை தொங்கச் சுமந்து செல்பவன் உருவம். வெள்ளையனுக்கு வாளும் தொப்பியும் அணிந்தவன் உருவம். எத்தனை பேர் செல்கின்றனரோ அத்தனை முத்திரைகள் வேண்டும். எழுத்தறியாக் காவலனும் இதனைப் படித்துவிடுவான். இன்றைய வழிப்படுத்தி ஒவ்வொரு தரவுப் பொதியின் தலைப்பையும் படித்து, அது எங்கிருந்து வருகிறது, எந்த வாயிலை நாடுகிறது என்று பார்த்து விடுவதும் தடுப்பதும் இந்தக் காவலனின் தொழிலையே. பயனரின் பணிக்கேற்ப உரிமை வழங்குதல் எனப் பாடநூல் வகுத்துரைப்பதை அந்தக் களிமண் முத்திரை செய்து வந்தது.

இவ்வாயில்கள் அந்நியரைத் தடுத்த அளவுக்கு அரசனின் குடிகளையும் உள்ளே அடைத்தன என்பதை நாம் மறத்தலாகாது. வேலி எவருக்காக என்ற வினாவை எந்தக் காவல் முறையைப் பற்றியும் கேட்டே ஆகவேண்டும்.

நொக்ஸ் தப்பியது எப்படி? முள்வாயிலை அவன் உடைக்கவில்லை. தொப்பி பின்னியும் சிறுபொருள் விற்றும் ஊரூராகத் திரியும் வணிகனாகத் தன்னை ஆக்கிக்கொண்டான். வடபகுதி மக்கள் அவனைப் பார்த்துப் பழகிவிட்டனர். 1679இல் உணவுக்கு உலர்ந்த இறைச்சி வாங்க வந்ததாக அதிகாரியிடம் கூறி, தோழன் ஸ்டீபன் ரட்லன்ட்டோடு அனுராதபுரம் கடந்து, ஆற்றோரக் காடு வழியே ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தான். வங்கியிலிருந்து எழுதுவதாகச் சொல்லி இன்று கடவுச்சொல் கேட்கும் மோசடி மின்னஞ்சல் இவ்வழியைச் சேர்ந்ததே. பொறி ஏமாறுவதில்லை, பழகிய முகத்தை மனிதர் நம்பிவிடுகின்றனர்.

கண்டியரசர் வேறொரு காப்பையும் நம்பினர். பாதைகளை அகலப்படுத்த அவர்கள் விடவில்லை. காடும் கணவாயும் பகைவன் அறியாதவையாக இருக்கும்வரை நாடு பத்திரம் என்பது கொள்கை. 1803இல் கண்டிக்குள் புகுந்த பிரித்தானியப் படை அழிந்தது. கொள்கை வென்றதாகவே தோன்றியது. அதன் பின்னரே ஜோன் டொயிலி தன் பணியை விரித்தான். சிங்களம் கற்ற இந்த அதிகாரி, வணிகர், துறவிகள், தூதர் ஆகியோர் வழியாக ஓலையும் வாய்மொழியுமாய்ச் செய்தி திரட்டினான். 1810 முதல் 1815 வரை அவன் எழுதிய நாட்குறிப்பு 1917இல் அச்சேறியது. அதனைப் புரட்டுவோர் ஒரு நாட்டின் இரகசியங்கள் துளித்துளியாய் ஒழுகிச் செல்வதைக் காண்பர். 1814இல் முதன்மந்திரி எகலப்பொல ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தான். மறுஆண்டு படைகள் பெரும் எதிர்ப்பின்றி மலையேறின. பெப்ரவரி 18இல் ஸ்ரீ விக்கிரமராசசிங்கன் பிடிபட்டான். மார்ச் 2இல் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நாயக்கர் மரபின் அந்தக் கடைசி மன்னன் 1832இல் வேலூரில் சிறைவாசியாகவே மாண்டான்.

இதனைத் துரோகம் என்ற ஒரு சொல்லால் முடித்துவிடுவது பள்ளிக்கூட வரலாறு. நிலப்பிரபுக்களுக்கும் மன்னனுக்கும் முற்றியிருந்த பகையும், கொடுந்தண்டனைகளால் குடிகள் கொண்ட அச்சமும் சேர்ந்து, காக்கத்தக்கது எதுவும் இல்லையென்ற நிலையை உண்டாக்கியிருந்தன. முள்வாயில்கள் அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தன.

மறைத்து வைப்பதே காப்பு என்ற எண்ணத்தை மறுத்தவர் பாரிசில் மொழியாசிரியராக வாழ்ந்த ஓகுஸ்த் கெர்க்கோவ்ஸ். 1883இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இது: மறைகுறி முறை பகைவன் கையில் சிக்கினாலும் கேடு விளையக் கூடாது, சாவி ஒன்றே இரகசியமாயிருத்தல் போதும். 1976இல் டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் இன்னும் ஒருபடி சென்று, முன்பின் அறியாத இருவர் எல்லோரும் கேட்கப் பேசியே தமக்குள் ஒரு இரகசியச் சாவியை உண்டாக்கிக்கொள்ளலாம் எனக் காட்டினர். இன்றைய இணைய வாணிபம் பெரிதும் இத்தகைய கணிதத்தின்மேல் நிற்கிறது. முறையைப் பொதுவில் வைத்து, உலகோர் குற்றங்காண விட்டு, எஞ்சி நிற்பதை நம்புதல்: அரண்மனையால் எண்ணவும் இயலாத சனநாயகம் இது!

1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளையகம் தில்லியிலிருந்து பேராதனைப் பூங்காவுக்கு வந்தது. மீண்டும் மலைநாடு இரகசியங்களின் தலைநகராயிற்று. எட்டாண்டு கழித்து, 1952இல், இலங்கைப் பல்கலைக்கழகம் அயலிலே குடியேறியது. இராணுவத்தின் நிழலில் அறிவகம் எழுவது புதுமையன்று. இணையத்தின் மூதாதையான வலையும் 1969இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில் தோன்றியதே. அதனைப் பயன்படுத்திய ஆய்வாளர் ஒருவரையொருவர் நம்பினர். வாயிற்காவல் வேண்டுமென்று பெரிதாக எண்ணவில்லை. 1988 நவம்பரில் ஒரு மாணவர் விடுத்த தானே பரவும் நிரல் ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியபோது அந்தக் களங்கமின்மை முடிந்தது. 1990களில் இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைத்த லேர்ன் வலை வளர்ந்தபோது, இங்குள்ளோர் வலையையும் அதன் நோயையும் சேர்த்தே பெற்றனர்.

வலைப்பின்னற் பாதுகாப்புக்குப் பாடநூல் மூன்று உரைகற்களைத் தருகிறது: செய்தி மறைவாயிருத்தல், மாற்றமுறாதிருத்தல், வேண்டும்போது கிடைத்தல். மூன்றாவதன் அருமையை 2023 ஆகஸ்ட்டில் இலங்கை அரசு கற்றது. பிணைப்பணம் கேட்கும் தீநிரல் தாக்கியதில், ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளின் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் அழிந்தன. மென்பொருள் காலாவதியானது, அந்த நாட்களுக்கான மாற்றுப் பிரதி வேறெங்கும் வைக்கப்படவில்லை.

ஆனால் அந்த மூன்று கற்களாலும் உரைக்க முடியாத நிகழ்ச்சி ஒன்று அதற்கு ஐந்தாண்டு முன்பே கண்டி மாவட்டத்தில் நடந்தது. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. வெறுப்புரைகளும் பொய்களும் முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் பறந்தன. தொழில்நுட்ப நோக்கில் ஒரு குறையும் இல்லை: 2016 முதல் வட்ஸ்அப் செய்திகள் முனைக்கு முனை மறைகுறியானவை, ஓர் எழுத்தும் மாறாமல், கணமும் தாமதியாமல் உரியவரைச் சேர்ந்தன. மூன்று சோதனையிலும் வலை தேறியது, கடைகள் எரிந்தன.

மார்ச் 6இல் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. மறுநாள் அரசு அச்சேவைகளைத் தடுத்தது. 1998இல் இணையக் கரும்புலிகள் எனத் தம்மை அழைத்தோர் இலங்கைத் தூதரகங்களின் மின்னஞ்சற் பெட்டிகளைக் கடிதங்களால் நிரப்பியபோது அதற்குச் சேவை மறுப்புத் தாக்குதல் என்று பெயர். இப்போது நாடு முழுவதற்கும் சேவையை மறுத்தது அரசே. பலர் மெய்நிகர் தனியார் வலை வழியாகச் சுற்றிச் சென்றனர். கலவரத்தின் செய்தியை உறவினருக்கு அறிவிக்க விரும்பியவரும், கலவரத்தைத் தூண்டியவரும் அந்த வழியைச் சமமாகவே பயன்படுத்த முடிந்தது. பொதியின் தலைப்பைப் படிக்கும் காவலனுக்கு அவ்விருவரிடையே வேறுபாடு தெரியாது. தடை ஒரு வாரத்துக்குச் சற்று மேல் நீடித்து நீங்கியது. தன் மேடை ஆற்றிய பங்குக்காக முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். அப்போது இரண்டு ஆண்டுகளும் ஏறத்தாழ இரண்டு மாதங்களும் சென்றிருந்தன.