கதிர்க்கழிவும் குடிகளின் இசைவும்

அணுவைப் பிளந்து மின்வலு ஆக்கும் நாடுகள் யாவும், எஞ்சும் கழிவை எங்கே புதைப்பது என்னும் வினாவுக்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளன. இலட்சம் ஆண்டுகள் காக்கப்படவேண்டிய அந்நஞ்சை எவ்வூரார் ஏற்பர்? சுவீடன் நாட்டு வரலாறு இதற்கு விடை பகர்கின்றது.

ஆங்கு முதற்கண் பாறையின் இயல்பே ஆராயப்பட்டது, மக்கட்கருத்து வினவப்பட்டிலது. கின்னேஃபியெல் மலையில் துளையிடுதலைத் தடுக்க 1980ஆம் ஆண்டிற் காவலிருக்கத் தொடங்கிய ஊரவர், 2000ஆம் ஆண்டுவரை அக்காவலைக் கைவிட்டாரல்லர். 

பின்னர், கழிவைப் பொறுப்பேற்ற நிறுவனம் ஊர்களின் இசைவை நாடிற்று. ஸ்டூருமன் 1995இலும் மாலோ 1997இலும் பொது வாக்கெடுப்பில் மறுத்தன. நிறுவனமும் அவ்விரண்டையும் விட்டு விலகிற்று. அவ்விலகலே திருப்புமுனை எனலாம். மறுக்கும் உரிமை வெறுஞ்சொல் அன்றென்பது அதனாற் புலனாயிற்று.

அணுமின் நிலையத்தோடு முன்னரே பழகிய ஓஸ்தம்மார் ஊராட்சி ஆய்வுக்கு இடமளித்தது. கழிவு நிதியத்தின் பணத்தைக்கொண்டு தன் சார்பில் அறிஞரை அமர்த்தி வினாக்களும் எழுப்பியது. அவ்வூராட்சிக்குட்பட்ட ஃபோர்ஸ்மார்க் 2009இல் தெரிவுசெய்யப்பட்டது. 2020இல் ஊராட்சி மன்றம் இசைந்தது. 2022இல் அரசு அனுமதி வழங்கிற்று.

இங்ஙனம் நாற்பதாண்டுகள் கழிந்தன. எனினும், ‘இல்லை’ எனச் சொல்ல இயலாதவர் கூறும் ‘ஆம்’ இசைவாகாது என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடமாகும்.