பொம்பில் எந்த மாநிலத்து மீன்?

ஆண்டாப் ஹில்லில் எங்கள் தெருவுக்கு வரும் கருவாட்டுக் கூடையில் பொம்பில் இல்லாத நாள் அரிது. ஆங்கிலத்தில் இதன் பெயர் ‘பாம்பே டக்’. பெயரில் பம்பாய் ஒட்டிக்கொண்டிருந்தாலும், அறிவியலுக்கு இம்மீனை அறிமுகப்படுத்தியது கங்கை. பிரான்சிஸ் ஹாமில்டன் 1822இல் வெளியிட்ட கங்கை மீன்கள் பற்றிய நூலில்தான் இது முதன்முதலாக விவரிக்கப்பட்டது.

இந்த முரணுக்குள் ஒரு புதிர் இருக்கிறது. மேற்கே சௌராஷ்டிரம் முதல் வடகொங்கணம் வரை பொம்பில் மிகுதி. தெற்கே கேரளத்தை நோக்கிச் செல்லச் செல்ல அது ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. பின்னர் கிழக்குக் கரையின் வடபகுதியில், ஒடிசாவிலும் வங்கத்திலும், மீண்டும் பெருகுகிறது. 1934இல் சுந்தர் லால் ஹோரா பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் இம்மீனைப் பற்றி எழுதினார். 1970இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் எஸ். வி. பாபட்டின் தனிநூலை வெளியிட்டது. இனம் ஒன்றுதான், ஆனால் இருப்பும் ஒன்றுதானா?

‘ஸ்டாக்’ என்பதை ‘இருப்பு’ என்று மொழிபெயர்க்கிறோம். கடைச் சரக்கை நினைவூட்டும் இச்சொல் எனக்கு உவப்பானதன்று. வேறு நல்ல சொல்லும் அமையவில்லை. தமக்குள் இனம்பெருக்கி, தம் இழப்பைத் தாமே ஈடுசெய்துகொள்ளும் மீன்தொகுதியையே அது குறிக்கிறது. இரண்டு இருப்புகள் இருப்பின், ஒன்று அழியும்போது மற்றது வந்து அவ்விடத்தை நிரப்பும் என்று எதிர்பார்க்க இயலாது. ஐரோப்பாவில் ஃபிரீட்ரிக் ஹைன்கே 1898இல் ஹெர்ரிங் மீன்களை அளந்து, அவற்றுள் வட்டார வகைகள் உண்டெனக் காட்டினார். இந்தியாவில் டி. வி. ஆர். பிள்ளை 1957இல் உல்லம் மீனின் தொகுதிகளை உடலளவைகளால் ஆராய்ந்தார்.

பொம்பிலிடம் அளவுகோல் எளிதில் செல்லாது. அதன் உடலில் 90 விழுக்காட்டை ஒட்டிய அளவு நீர்தான். மேசையில் கிடத்தும் விதத்திலேயே வடிவம் மாறிவிடும். 1982இல் ஸ்டிராஸும் புக்ஸ்டைனும் முன்வைத்த, உடற்புள்ளிகளுக்கு இடையிலான தொலைவுகளை வலைப்பின்னலாக அளக்கும் முறையைக் கையாள்வோர் இங்கே கூடுதல் எச்சரிக்கை கொள்ள வேண்டும். இரு கரைகளின் மாதிரிகளும் வெவ்வேறு அளவு பனிக்கட்டியில், வெவ்வேறு நேரம் கிடந்திருந்தால், நாம் காணும் வேறுபாடு மீனுடையதா, பெட்டியுடையதா?

கிழக்கையும் மேற்கையும் பிரிப்பது தீபகற்பம். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது மேற்கின் உட்பிரிவு. 1956இல் சௌராஷ்டிரம் பம்பாய் மாநிலத்துடன் இணைந்தபோது, போர்த்துகீசியரிடமிருந்த டாமன் போன்ற சில இடங்கள் நீங்கலாக, மேற்கின் பொம்பில் கரை பெரும்பாலும் ஒரே நிர்வாகத்தின்கீழ் வந்தது. அந்நிலை நான்கு ஆண்டுகளுக்குள் முடிந்தது. 1960 மே 1 அன்று மொழிவழியாக மகாராஷ்டிரமும் குஜராத்தும் பிரிந்தன. கரையில் இட்ட கோடு கடலுக்குள்ளும் நீண்டது.

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணைப்படி மீன்வளம் மாநிலப் பட்டியலில் உள்ளது. ஆட்சிக்கடலுக்கு அப்பாற்பட்ட மீன்பிடிப்பு மட்டுமே ஒன்றியத்தின் பொறுப்பு. பொம்பிலோ கரையோர மீன். வலுத்த ஓத நீரோட்டத்துக்கு எதிரே நிலையாகக் கட்டப்படும் பைவலையான டோல் வலைதான் அதைப் பிடிக்கும் முதன்மைக் கருவி. வலையின் கடைப்பையில் கண்கள் மிகச் சிறியவை. குஞ்சுகளும் சேர்ந்தே சிக்குகின்றன. ஆகவே கண்ணளவை எவ்வளவு பெரிதாக்குவது, எப்போது வலையை எடுத்துவிடுவது என்பவற்றை இரு அரசுகள் தனித்தனியே முடிவு செய்கின்றன. கம்பாத் வளைகுடாவின் இருபுறமும் ஒரே இருப்பு என்றால், ஒரு கரையின் கட்டுப்பாட்டால் தப்பிய குஞ்சு மறுகரையின் வலையில் முடியக்கூடும். வேறு வேறு இருப்புகள் என்றால், இரு மாநிலப் பிடிப்பையும் கூட்டிப் போடும் கணக்கு ஒன்றின் சரிவை மற்றதன் பெருக்கத்தால் மறைத்துவிடும்.

மகாராஷ்டிரம் தன் கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தை 1981இல் இயற்றியது. குஜராத்தின் சட்டம் வந்தது 2003இல். இடைப்பட்ட 22 ஆண்டுகளின் பிடிப்புத் தரவுகளை ஆய்வுக்கு எடுக்கும் மாணவர்கள், சத்பாட்டியின் எண்களையும் ஜாஃபராபாத்தின் எண்களையும் ஒரே அட்டவணையில் கூட்டுவதற்கு முன், எந்த இருப்பைக் கருதிக் கூட்டுகிறோம் என்பதை ஆய்வேட்டில் எழுதிவிட்டுத் தொடங்கலாம்.