இமைக்கும் விளக்குகள்: டியூப்லைட் முதல் செல்போன் வரை

மாத்திரை என்னும் கால அளவைச் சொல்ல வந்த தொல்காப்பியர் கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் எடுத்துக்கொண்டார். இன்று நம் கையிலுள்ள செல்போன்களில் பல, நாம் ஒரு தரம் இமைக்கும் நேரத்துக்குள் ஐம்பது அறுபது தரம் அணைந்து எரிகின்றன. கண்ணுக்கு அது தெரிவதில்லை. ஆனால் சிலருக்குத் தலைவலி வருகிறது. “செல்லைப் பார்த்தாலே மண்டை இடிக்குது” என்று பிள்ளைகள் சொன்னால், படிக்காமலிருக்கச் சாக்கு என்கிறோம். இந்தப் புகாருக்கு நீண்ட வரலாறு உண்டு.

சமணர்களான எங்கள் வீடுகளில் பொழுது சாயுமுன் சாப்பாடு முடிந்துவிடும். விளக்கைத் தேடி வரும் பூச்சிகளுக்கு ஊறு நேரக் கூடாது என்பது காரணம். அந்த அகல் விளக்கு காற்றில் ஆடும். ஆனால் நொடிக்கு நூறு முறை துடிக்காது.

வேகமாக அணைந்து எரியும் ஒளி, கண்ணுக்கு மங்கலான நிலையான ஒளியாகத் தோன்றும் என்பதை 1834இல் இங்கிலாந்தின் டால்பட்டும், அடுத்து பெல்ஜியத்தின் பிளாட்டோவும் எடுத்துக்காட்டினர். சினிமா இதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. பேசும்படத்தில் வினாடிக்கு 24 படங்கள். அப்படியே காட்டினால் மினுக்கும். ஆகவே ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை காட்டி 48 ஆக்கினார்கள்.

பிறகு வந்தது டியூப்லைட். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி. பழைய சோக் போட்ட டியூப்லைட் 100 முறை துடிக்கும். மும்பையில் என் பாத்திரக் கடையில் கணக்கெழுதியவர் சாயங்காலமானால் நெற்றியைப் பிடித்துக்கொள்வார். கண்ணாடியை மாத்துங்க என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

அயல்நாட்டு அலுவலகங்களிலும் இதே கதைதான். அதைச் சோதித்துப் பார்த்தவர் இங்கிலாந்தின் ஆர்னால்டு வில்கின்ஸ். 1989இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், எந்த அறையில் எந்தச் சோக் இருக்கிறது என்று ஊழியர்களுக்குச் சொல்லவில்லை. வினாடிக்கு சுமார் 32,000 சுழற்சியில் இயங்கும் எலக்ட்ரானிக் சோக்கின்கீழ் தலைவலியும் கண்வலியும் பாதிக்கும் கீழே குறைந்தன. மேல்மாடிகளில், பகல் வெளிச்சம் கூடக்கூடத் தலைவலி குறைந்ததையும் கண்டார்கள். புகார் கற்பனையல்ல என்பது அங்கே நிலைநாட்டப்பட்டது.

அதே துடிப்பு இப்போது செல்போனுக்குள் வந்திருக்கிறது. ஓலெட் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது. மின்னோட்டத்தைக் குறைத்து மங்கலாக்கினால் நிறம் கெடும். எனவே பல நிறுவனங்கள் திரையை வேகமாக அணைத்து அணைத்து எரியவிடுகின்றன. டால்பட் சொன்ன அதே தத்துவம்! 2017இல் வந்த ஐபோன் டென் வினாடிக்கு சுமார் 240 முறை துடித்தது. பிரைட்னஸைக் குறைக்கக் குறைக்க இருட்டாயிருக்கும் பங்கு கூடும். ஆகவே ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, கண்ணுக்கு நல்லதென்று வெளிச்சத்தைக் குறைத்து வைத்துப் பார்க்கும்போதுதான் துடிப்பு மிக ஆழமாக இருக்கிறது.

எல்.இ.டி. விளக்குகளுக்காக அமெரிக்காவின் ஐ.இ.இ.இ. அமைப்பு 2015இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. முழுக்க அணைந்து எரியும் ஒளி வினாடிக்கு 1,250 முறைக்கு மேல் துடித்தால்தான் ஆபத்து குறைவு என்பது அதன் கணக்கு. பின்னர் சில நிறுவனங்கள் 2,000க்கு மேல் போயின. 2025இல் வந்த ஐபோன் 17 வரிசையில் துடிப்பைத் தணிக்கும் வசதியே வைக்கப்பட்டது. முணுமுணுத்தவர்களால் வந்த பலன் இது.

ஊரிலுள்ள தாத்தா பாட்டி முகம் பார்ப்பது, பிள்ளைகள் தமிழ் படிப்பது என வெளியூரில் வாழும் நமக்கு எல்லாமே அந்தச் சின்னத் திரையில்தான். அதனால் சில யோசனைகள். இன்னொரு போனின் கேமரா வழியே திரையைப் பாருங்கள். கறுப்புப் பட்டைகள் ஓடினால் துடிப்பு இருக்கிறது. அறை விளக்கைப் போட்டுக்கொண்டு பிரைட்னஸைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். வசதியிருந்தால் வேறு போனில் பார்த்து, வலி குறைகிறதா என்று கவனியுங்கள். எல்லாத் தலைவலிக்கும் திரைத் துடிப்பே காரணமல்ல. பவர் மாறியிருக்கலாம், இமைக்காமல் பார்த்துக் கண் உலர்ந்திருக்கலாம், ஒற்றைத் தலைவலியாகவும் இருக்கலாம். வலி தொடர்ந்தால் கண் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும்.

அதற்கு முன், தலை வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளையைச் சாக்குச் சொல்வதாக அதட்டாமல், எந்தத் திரையில், எந்த நேரத்தில் என்று கேளுங்கள்.