தண்டவாளப் பராமரிப்பு இயந்திரங்கள்

தண்டவாளப் பராமரிப்பு இயந்திரங்கள், புகையிரதப் பாதையின் மட்டத்தையும் நேர்கோட்டையும் வளைவையும் குறித்த அளவில் வைத்திருக்கவும், பாதைக்கு அடியிலுள்ள சல்லிக்கல் படுகையை இறுக்கிச் சுத்தப்படுத்தவும், தண்டவாள எஃகினுள் மறைந்திருக்கும் வெடிப்புகளைக் கண்டறியவும் பயன்படும் பொறிகளாகும். அலவாங்கும் பிக்காசும் மண்வெட்டியும் கொண்டு தொழிலாளர் செய்துவந்த வேலைகளை இருபதாம் நூற்றாண்டில் இவை ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டன. இலங்கையில் மலைநாட்டு வளைவுகளிலும் தென்கரையின் உப்புக்காற்றிலும் கிழக்கின் வெள்ளநிலத்திலும் இவ்வேலை நடைபெறுகிறது.

பராமரிப்பின் தேவை

சாதாரணப் புகையிரதப் பாதை மூன்று அடுக்குகளைக் கொண்டது. மேலே தண்டவாளம், அதைத் தாங்கும் சிலிப்பர் கட்டை, அதற்கும் கீழே உடைத்த கருங்கல் சல்லி. சல்லிப் படுகை சுமையைப் பரப்பி மண்ணுக்குக் கடத்துகிறது, மழைநீரை வடியவிடுகிறது, சிலிப்பர்கள் பக்கவாட்டில் நகராமல் பிடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு சக்கரமும் கடக்கும்போது பாதை சற்று அமிழ்ந்து எழுகிறது. இவ்வசைவில் கற்கள் ஒன்றையொன்று உரசி இடம் மாறுகின்றன. எல்லா இடங்களும் ஒரே அளவில் அமிழ்வதில்லை. தண்டவாளப் பொருத்துகளிலும் பாலங்களின் முகப்பிலும் ஈரமண் உள்ள இடங்களிலும் பள்ளம் விரைவில் விழும். ஒரு பக்கத் தண்டவாளம் மற்றதைவிடத் தாழ்ந்து பாதை முறுக்கிக்கொண்டால் வண்டி தடம்புரளக்கூடும். ஆகவே பாதையைத் தூக்கி, சிலிப்பரின் அடியில் கற்களை மீண்டும் இறுக்குவதே பராமரிப்பின் மையவேலை ஆயிற்று.

கைக்கருவிக் காலம்

இலங்கையின் முதற் புகையிரதம் 1864 டிசம்பர் 27ஆம் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு ஓடியது. பாதை 1867இல் கண்டியை எட்டியது. தொடக்ககால வேலைகளைப் பொறியியலாளர் கில்ஃபர்ட் மோல்ஸ்வர்த் வழிநடத்தினார். பிரித்தானிய முறைப்படி பாதை சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் கேங் எனப்பட்ட தொழிலாளர் குழுவின் பொறுப்பில் விடப்பட்டது.

தலைமைத் தொழிலாளி தண்டவாளத்தின்மீது தலையைச் சாய்த்துக் கண்ணால் நோக்கிப் பள்ளத்தை அறிவார். சிலர் அலவாங்கால் நெம்பிப் பாதையைத் தூக்குவர். மற்றவர் தட்டையான முனையுள்ள பிக்காசால் சிலிப்பரின் இருபுறமிருந்தும் சல்லியை அடித்து உள்ளே செலுத்துவர். வளைந்த பாதையை நேராக்கும்போது வரிசையாக நின்று, ஒரே குரலுக்கு ஒரே நேரத்தில் அலவாங்கைத் தள்ளுவர். இவ்வேலைக்கு உடல்வலிமையோடு நீண்ட பழக்கமும் வேண்டியிருந்தது. ஒரு சிலிப்பரை அதிகமாகவும் அடுத்ததைக் குறைவாகவும் இறுக்கினால் பாதை சில வாரங்களில் மீண்டும் பழுதாகும்.

பின்னர் பிரான்சில் அளவிட்டு இடும் முறை தோன்றியது. ஒவ்வொரு சிலிப்பரும் எவ்வளவு தாழ்ந்துள்ளது என்பதைக் கருவியால் அளந்து, அதற்கேற்ற அளவு சிறுகல்லை மண்வெட்டியால் அடியில் பரப்பினர். கண் மதிப்பின் இடத்தை இம்முறையில் அளவீடு பிடித்தது. பின்னாளைய இயந்திரங்களின் அடிப்படையும் அதுவே.

ஆய்வு வண்டிகள்

பாதையைப் பார்வையிடும் வண்டிகளே முதலில் வந்த பராமரிப்பு ஊர்திகள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஷெஃபீல்ட், தண்டவாளத்தில் ஓடும் மூன்று சக்கர வண்டியை 1870களின் இறுதியில் உருவாக்கினார். பிறகு பெற்றோல் மோட்டார் வண்டிகளும் வந்தன. இந்தியாவிலும் இலங்கையிலும் தொழிலாளர் தள்ளிச்செல்லும் ட்ரொலி நெடுங்காலம் நிலைத்தது. எடை குறைந்த இவ்வண்டியில் அமர்ந்த பாதைப் பரிசோதகர் ஒவ்வொரு பொருத்தையும் அருகிருந்து பார்க்க முடிந்தது. புகையிரதம் வரும்போது ட்ரொலியைத் தூக்கிப் பாதையோரம் வைக்கவும் முடிந்தது.

சல்லி இறுக்கும் இயந்திரம்

இத்துறையின் பெரிய திருப்பம் சுவிட்சர்லாந்தில் நிகழ்ந்தது. அங்கு ஒகூஸ்ட் ஷோய்க்ஸர் இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் சல்லி வேலைகளுக்கான இயந்திரங்களை உருவாக்கினார். 1945இல் நிறுவப்பட்ட மட்டீசா நிறுவனம் சல்லி இறுக்கும் இயந்திரத்தை வணிக அளவில் தயாரித்தது. ஃபிரான்ஸ் பிளாஸர், யோசஃப் தோய்ரர் இருவரும் 1953இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் தொடங்கிய நிறுவனம், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் இயந்திரங்களைக் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவில் பாதைகள் சிதைந்து, கூலியாட்களும் குறைந்திருந்ததால் இயந்திரங்களுக்குத் தேவை பெருகியது.

டாம்பிங் இயந்திரம் எனப் பொதுவாக அழைக்கப்படும் இப்பொறி தண்டவாளத்தின்மீதே ஓடிவந்து சிலிப்பருக்கு நேராக நிற்கும். உருளைப் பற்றிகள் தண்டவாளத்தைப் பிடித்து வேண்டிய மட்டத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டிலும் சரிசெய்யும். சிலிப்பரின் இருபுறமும் எஃகு விரல்கள் சல்லிக்குள் இறங்கி, நொடிக்குச் சுமார் 35 முறை அதிர்ந்தபடி ஒன்றையொன்று நோக்கி நெருங்கும். அதிர்வில் கற்கள் இளகி நகர, நெருக்கத்தில் சிலிப்பரின் அடியிலுள்ள வெற்றிடம் நிரம்பும்.

1960களில் இரண்டு சிலிப்பர்களை ஒரே தடவையில் இறுக்கும் இயந்திரங்கள் வந்தன. ஆயினும் கனமான இயந்திரம் முழுவதும் ஒவ்வொரு சிலிப்பரிலும் நின்று நின்று நகர்வதால் நேரம் வீணானது. ஓட்டுநருக்கும் களைப்பு மிகுந்தது. 1983இல் அறிமுகமான தொடர் இயக்க வகையில் இயந்திரத்தின் உடல் நிற்காமல் மெல்ல ஓட, இறுக்கும் பகுதி மட்டும் அதனுள் முன்னும் பின்னும் நகர்ந்து வேலை செய்தது.

புதிதாக இறுக்கிய பாதை உடனே உறுதியாகிவிடுவதில்லை. வண்டிகள் சிலகாலம் ஓடிச் சல்லி படியும்வரை வேகக் கட்டுப்பாடு விதிக்க வேண்டியிருந்தது. 1970களில் உருவான அதிர்வு நிலைப்படுத்தி, பாதையைக் கீழ்நோக்கி அழுத்தியபடியே பக்கவாட்டில் அதிர்வித்து அப்படிவை உடனே ஏற்படுத்தியது.

சல்லியைச் சுத்தப்படுத்தல்

இறுக்கும் வேலைக்கும் எல்லையுண்டு. எஃகு விரல்கள் இறங்கும் ஒவ்வொரு தடவையும் கற்களின் கூர்முனைகள் சிறிது உடைகின்றன. உருண்டையான கற்கள் ஒன்றோடொன்று பிணைந்து நிற்பதில்லை. உடைந்த தூளோ மண்ணோடு சேர்ந்து நீர் வடியும் வழியை அடைக்கும். இவ்வாறு கெட்ட படுகையை எத்தனை முறை இறுக்கினாலும் பயன் நிலைப்பதில்லை. சல்லி சுத்திகரிப்பு இயந்திரம் முடிவற்ற சங்கிலியைப் பாதையின் அடியில் செலுத்தி, சல்லி முழுவதையும் வாரி மேலேற்றிச் சல்லடைகளில் அதிர்விக்கிறது. நல்ல கல் பாதைக்குத் திரும்ப, தூளும் சேறும் ஒதுக்கப்படுகின்றன. பிரித்தானியாவில் உருவாகி 1990களில் பரவலான கல்லூதும் இயந்திரம், படுகையைக் கிளறாமல் சிலிப்பரைத் தூக்கி, சிறுகற்களைக் காற்றழுத்தத்தால் அடியில் செலுத்துகிறது. மண்வெட்டியால் அளந்து இட்ட பழைய முறையே இதன் மூலம்.

குறை கண்டறியும் கருவிகள்

1911இல் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் மான்செஸ்டர் என்னும் ஊரருகே தண்டவாளம் உடைந்து வண்டி தடம்புரண்டதில் 29 பேர் இறந்தனர். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத உள்வெடிப்பே காரணம். இவ்வகை வெடிப்புகளைத் தேடிய எல்மர் ஸ்பெர்ரி, தண்டவாளத்தில் மின்னோட்டம் செலுத்திக் குறையைக் கண்டறியும் வண்டியை 1928இல் இயக்கினார். பின்னர் மீயொலி முறை பரவியது. எஃகினுள் அனுப்பும் ஒலியலை வெடிப்பில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு அதன் இடமும் ஆழமும் அறியப்படுகின்றன. கையால் தள்ளும் சிறு கருவி முதல் முழு ஆய்வு வண்டி வரை பல வடிவங்களில் இது இயங்குகிறது. பாதையின் மட்டம், இடையகலம், முறுக்கு ஆகியவற்றை ஓடியபடியே பதிவுசெய்யும் வண்டிகளும் உள்ளன. எந்த இடத்தில் எப்போது இறுக்க வேண்டும் என்பதை அப்பதிவுகளே தீர்மானிக்கின்றன.

கொங்கிரீட் சிலிப்பரும் பற்றவைத்த தண்டவாளமும்

பாதையின் பொருட்கள் மாறியதும் இயந்திரம் தவிர்க்க முடியாததாயிற்று. ஜெர்மானியரான ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் 1890களில் கண்டறிந்த தெர்மிட் முறையால் தண்டவாளங்களை அவை கிடக்கும் இடத்திலேயே உருக்கி ஒட்ட முடிந்தது. பொருத்துகள் குறைந்ததால் பள்ளங்களும் குறைந்தன. ஆனால் நீண்ட தண்டவாளம் வெயிலில் விரிய இடமின்றி அழுத்தம் கொள்வதால், அதைப் பிடித்துவைக்கக் கனமான சிலிப்பரும் நன்கு இறுகிய சல்லியும் தேவை. முன்னழுத்தக் கொங்கிரீட் சிலிப்பர் அத்தேவையை நிறைவுசெய்தது. அகலப் பாதைக்கான இவ்வகைச் சிலிப்பர் 250 கிலோவுக்கும் கூடுதலாக எடையுள்ளது. மரக்கட்டையைப் போல ஆட்கள் எளிதில் தூக்கிவைக்க இயலாது. பிக்காசால் அடித்து இறுக்கினால் அதன் விளிம்பும் உடையும்.

இந்தியாவில்

இந்திய ரயில்வே 1960களில் சல்லி இறுக்கும் இயந்திரங்களைப் பயன்படுத்தத் தொடங்கியது. அதே பத்தாண்டில் பிளாஸர் நிறுவனம் டில்லிக்கு அருகிலுள்ள ஃபரீதாபாதில் தொழிற்சாலை அமைத்து, 1676 மில்லிமீற்றர் அகலப் பாதைக்கேற்ற இயந்திரங்களை அங்கேயே தயாரித்தது. இயக்குநர்களுக்கும் பொறியியலாளர்களுக்கும் பயிற்சியளிக்கத் தனி நிலையம் அலகாபாத்தில் நிறுவப்பட்டது. இலங்கையின் பாதையும் இதே அகலமுடையதாதலால் இந்திய இயந்திரமும் அனுபவமும் இலங்கைக்குப் பொருந்தி வந்தன.

இலங்கையில்

இலங்கைப் புகையிரதத் திணைக்களத்தில் பாதைப் பராமரிப்பு தனியொரு பிரிவின் பொறுப்பாகும். களனிப் பள்ளத்தாக்கின் குறும்பாதை 1990களில் அகலப் பாதையாக மாற்றப்பட்டதால், ஒரே அகலத்துக்கான இயந்திரங்களால் நாடெங்கும் ஓட முடிகிறது.

நிலத்தின் இயல்போ இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. மலைநாட்டுப் பாதையில் 44க்கு 1 என்ற ஏற்றமும், சுமார் 100 மீற்றர் ஆரையுள்ள வளைவுகளும் உண்டு. நீளமான இயந்திரங்களுக்கு இவ்வளைவுகள் கடினமானவை. அங்கு கையடக்க அதிர்வுக் கருவிகளும் கைவேலையும் தொடர்கின்றன. தென்கரைப் பாதையில் உப்புக்காற்று தண்டவாளத்தையும் பிடிப்பாணிகளையும் அரிக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி பெரலியவில் புகையிரதம் ஒன்றைக் கவிழ்த்து ஆயிரத்துக்கும் அதிகமானோரைப் பலிகொண்டது. தண்டவாளங்களைச் சிலிப்பரோடு பெயர்த்தெறிந்தது. திணைக்களத் தொழிலாளர் இரண்டு மாதங்களுக்குள் அப்பாதையை மீண்டும் திறந்தமை இலங்கைப் புகையிரத வரலாற்றின் பெருமைக்குரிய வேலைகளில் ஒன்று.

உள்நாட்டுப் போரில் அழிந்த வடபாதையை இந்தியாவின் இர்கோன் நிறுவனம் புதிதாக அமைத்தது. யாழ்தேவி புகையிரதம் 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. மாஹோவுக்கும் ஓமந்தைக்கும் இடைப்பட்ட பகுதி 2023இல் தொடங்கி அதே நிறுவனத்தால் புதுப்பிக்கப்பட்டது.

கிழக்குப் பாதையும் கல்முனைக் கரையும்

மாஹோவிலிருந்து கிளைத்துக் கல்-ஓயா சந்தியில் இரண்டாகப் பிரியும் கிழக்குப் பாதை 1927இல் திருகோணமலையையும் 1928இல் மட்டக்களப்பையும் எட்டியது. இது ஒற்றைப் பாதை. இயந்திரம் வேலைசெய்யும் வேளையில் வேறு வண்டி எதுவும் அப்பகுதியைக் கடக்க முடியாது. ஆகவே வண்டிகள் ஓடாத இடைவேளைக்குள் இயந்திரம் வந்து, வேலையை முடித்து, நிலையத்துக்குத் திரும்ப வேண்டும்.

மனம்பிட்டியிலும் ஓட்டமாவடியிலும் பேருந்தும் புகையிரதமும் நெடுங்காலம் ஒரே இரும்புப் பாலத்தைப் பகிர்ந்துகொண்டன. இத்தகைய பாலங்களின்மேல் சல்லி இல்லை என்பதால் இறுக்கும் இயந்திரத்துக்கு அங்கு வேலையில்லை. பாலம் அசையாமல் நிற்க, அதன் இருமுனையிலும் உள்ள மண்பாதை அமிழ்வதால் முகப்புகளில் பள்ளம் விழும். அங்கு தொழிலாளரின் கைவேலையே பெரிதும் உதவுகிறது. வடகீழ்ப் பருவமழையின் வெள்ளம் சல்லியை அடித்துச் செல்வதும், சேறு படுகைக்குள் ஏறுவதும் இப்பாதையின் நீங்காத இடர்கள்.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று மக்களுக்கு இன்றும் அண்மைய புகையிரத நிலையம் மட்டக்களப்பே. அங்கிருந்து கல்முனை வழியாகப் பொத்துவில் வரை பாதையை நீட்டும் யோசனை பலமுறை முன்வைக்கப்பட்டும் நிறைவேறவில்லை. இக்கரை ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் வயல்களும் கொண்ட தாழ்ந்த மணல்நிலம். இங்கு பாதை அமைந்தால் சல்லி மணலுக்குள் புதையாதிருக்க இடையில் பிரிப்புப் படலம் விரிக்க வேண்டும். காற்றில் வரும் மணல் சல்லியின் இடைவெளிகளை நிரப்புவதால் சுத்திகரிப்பு இயந்திரம் அடிக்கடி தேவைப்படும். பிடிப்பாணிகளைத் துருவுக்காக இடைவிடாது பரிசோதிக்கவும் வேண்டும். பாதை போடும் செலவோடு, அதைப் பல பத்தாண்டுகள் காக்கும் இயந்திரங்களுக்கும் பயிற்சி பெற்ற தொழிலாளருக்குமான செலவும் அத்திட்டத்தின் கணக்கில் தொடக்கத்திலேயே சேர்க்கப்பட வேண்டியதாகும்.